ஒப்புதலின் வடிவில் பெரும்பான்மை: ‘மாதொருபாகன்’ நாவலும் நாமக்கல் அமைதிக் கூட்டமும்

ஆய்வுச்சுருக்கம்

மக்களாட்சியில் தனிமனித உரிமையின்மீது பெரும்பான்மை செலுத்தும் அழுத்தம் தடையாணையாக மட்டும் வெளிப்படுவதில்லை. தனிமனிதரின் ஒப்புதலை எழுதி வாங்கும் வடிவிலும் வெளிப்படுகிறது. பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ நாவலையும், 2015இல் அதன் ஆசிரியரிடமிருந்து பெறப்பட்ட உடன்பாட்டையும் ஒருங்கே வைத்து இக்கட்டுரை இதனை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: பெரும்பான்மை, தனிமனித உரிமை, ஒப்புதல், ஊர், கருத்துரிமை, மாதொருபாகன்.

முன்னுரை

அரசின் ஒடுக்குமுறையைக் காட்டிலும் சமூகத்தின் ஒடுக்குமுறை வாழ்வின் நுண்ணிய பகுதிகளுக்குள்ளும் ஊடுருவ வல்லது என்பது ஜான் ஸ்டூவர்ட் மில் 1859இல் முன்வைத்த கருத்து. இந்தியச் சூழலில் அச்சமூகத்திற்கு ‘ஊர்’ என்று பெயர். 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் உரையாற்றிய அம்பேத்கர், வரைவு அரசியலமைப்பு கிராமத்தைக் கைவிட்டுத் தனிமனிதரை அடிப்படை அலகாகக் கொண்டதை வரவேற்றார். எழுத்தளவில் நிகழ்ந்த அம்மாற்றம் நடைமுறையில் எவ்வளவு தூரம் நிகழ்ந்தது என்பதற்கு ‘மாதொருபாகன்’ ஒரு சான்று. நாவலின் உள்ளே ஒருமுறையும் வெளியே ஒருமுறையுமாக அது இருமுறை சான்றாகிறது.

நாவலில் ஊர்

2010இல் வெளிவந்த இந்நாவலின் களம் காலனியக் காலத்துத் திருச்செங்கோட்டுப் பகுதி. மணமாகிப் பன்னிரண்டு ஆண்டுகளாகியும் குழந்தை இல்லாத காளி, பொன்னா இணையரைப் பற்றியது கதை. அவர்கள்மீது எந்தப் பஞ்சாயத்தும் தீர்ப்பு வழங்கவில்லை. ஆயினும் பொன்னா சடங்குகளில் ஒதுக்கப்படுகிறாள். காளியின் ஆண்மை ஊர்ப்பேச்சாகிறது. அவர்களுடைய நிலத்தின்மீது உறவினரின் கண் விழுகிறது. காளி மெல்ல மெல்லத் தன் தொண்டுப்பட்டிக்குள் ஒடுங்கிவிடுகிறான். இதைச் செய்தவர் யார் எனக் கேட்டால் ஒருவரையும் சுட்ட இயலாது. ‘நாலு பேர்’ என்பதே விடை. அந்த நால்வர் எவர் என்று எண்ணிப் பார்த்தவர் எவருமில்லை.

தேர்த்திருவிழாவின் பதினான்காம் நாளில் பெண்ணொருத்தி அயல் ஆணுடன் கூடிக் குழந்தை பெறுவதை வழிபாட்டின் பகுதியாக ஏற்கும் வழக்கத்தை நாவல் சித்திரிக்கிறது. சர்ச்சை முழுவதும் இவ்வழக்கம் உண்மையில் இருந்ததா என்ற வினாவைச் சுற்றியே நிகழ்ந்தது. நாவலின் மையச் சிக்கல் வேறிடத்தில் உள்ளது. காளி இசையவில்லை, அவன் விரும்பினால் மட்டுமே செல்வதாகப் பொன்னா கூறுகிறாள். இந்நிலையில் குடும்பத்தார் ஒரு பொய்யைப் பயன்படுத்துகின்றனர். காளி சம்மதித்துவிட்டான் என்று பொன்னாவிடம் கூறப்படுகிறது; அவள் அண்ணன் முத்து, காளியை வேறிடத்திற்கு அழைத்துச் சென்றுவிடுகிறான். பொன்னாவை எவரும் கட்டி இழுத்துச் செல்லவில்லை. தன் கால்களால் நடந்துதான் போகிறாள். மற்றொருவரின் பொய்ச்சம்மதத்தைக் காட்டிப் பெறப்பட்டது அவளது சம்மதம்.

காளியைத் தனிமனித உரிமையின் தூய சின்னமாகக் கொள்வதற்கும் நாவல் இடந்தரவில்லை. இளமையில் அவனும் அதே விழாவிற்குச் சென்றவனே. அவனது மறுப்பில் காதலோடு உடைமையுணர்வும் கலந்துள்ளது. இதனைக் காணத் தவறும் வாசிப்பு, பொன்னாவின் விருப்பம் என்ன என்ற வினாவை ஊரைப் போலவே கேட்காமல் கடந்துவிடுகிறது.

நாவலுக்கு வெளியே ஊர்

அனிருத்தன் வாசுதேவனின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2013இல் வெளிவந்தது. 2014 டிசம்பரில் எதிர்ப்பு எழுந்தது, நூற்படிகள் எரிக்கப்பட்டன, 2015 ஜனவரியில் திருச்செங்கோட்டில் கடையடைப்பு நடந்தது. நாவலில் ஊர்ப்பெயர் வெளிப்படையாக இடம்பெற்றதால் அவ்வூர்ப் பெண்கள் இழிவுபடுத்தப்பட்டனர் என்ற மனக்குறையைப் பொய்யென ஒதுக்கிவிட இயலாது. ஆசிரியரும் அடுத்த பதிப்பில் ஊர்ப்பெயரை நீக்க முன்வந்தார். எதிர்ப்புத் தெரிவிப்பது எதிர்ப்பாளர்களின் உரிமையே. ஆனால், அவர்களே பெரும்பான்மையினர் என்பது எவ்வாறு தீர்மானிக்கப்பட்டது? கடையடைப்பே வாக்கெடுப்பாகக் கொள்ளப்பட்டது.

ஜனவரி 12 அன்று நாமக்கல் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் அமைதிப் பேச்சுவார்த்தை நடைபெற்றது. வருத்தம் தெரிவிக்கும் சொற்கள் போதாவென, நிபந்தனையற்ற மன்னிப்பு எழுதி வாங்கப்பட்டது. சர்ச்சைக்குரிய பகுதிகளை நீக்குவதாகவும் விற்பனையாகாத படிகளைத் திரும்பப் பெறுவதாகவும் ஆசிரியர் ஒப்புக்கொண்டு கையொப்பமிட்டார். மறுநாள், எழுத்தாளனாகிய தான் இறந்துவிட்டதாக முகநூலில் அறிவித்தார்.

அரசியலமைப்பின் 19(2)ஆம் பிரிவு, பொது ஒழுங்கு, ஒழுக்கம் முதலிய காரணங்களுக்காகக் கருத்துரிமையைக் கட்டுப்படுத்த அனுமதிக்கிறது. அக்கட்டுப்பாடு சட்டத்தின் வழியே வரவேண்டும், நியாயமானதாகவும் இருக்கவேண்டும். நாமக்கல்லில் சட்டமோ தடையாணையோ பிறப்பிக்கப்படவில்லை. கேள்விக்குட்படுத்தத்தக்க ஆணை எதுவுமின்றி, ஒருவர் ‘தாமாகவே’ இசைந்தார் என்னும் தாள் மட்டுமே எஞ்சியது. பொன்னா தன் கால்களால் நடந்ததைப் போன்றதே இக்கையொப்பமும்.

தீர்ப்பும் அதன் எல்லையும்

2016 ஜூலை 5 அன்று தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல், நீதிபதி புஷ்பா சத்தியநாராயணா ஆகியோரைக் கொண்ட சென்னை உயர்நீதிமன்ற அமர்வு, அவ்வுடன்பாடு ஆசிரியரைக் கட்டுப்படுத்தாது எனத் தீர்ப்பளித்தது. எழுத்தாளர் ச. தமிழ்ச்செல்வன் தொடுத்த வழக்கும் இதில் அடங்கும். கூட்டத்தின் மிரட்டலுக்கு அஞ்சிக் கருத்துரிமையை முடக்கலாகாது என்ற நெறிக்கு முன்னரே ஒரு தமிழ் வழக்கு அடித்தளமிட்டிருந்தது. ‘ஒரே ஒரு கிராமத்திலே’ திரைப்படம் குறித்து 1989இல் உச்சநீதிமன்றம் வழங்கிய ரங்கராஜன் வழக்குத் தீர்ப்பே அது. இடஒதுக்கீட்டைக் குறைகூறிய அப்படத்தின் கருத்து, தமிழகத்தின் பொதுக்கருத்துக்கு நேர் எதிரானது. பெருமாள்முருகனுக்காகக் குரல் கொடுத்தோரில் பலர் அப்படத்தை விரும்பியிருக்கமாட்டார்கள். நெறியின் உரைகல் அதுவே.

எனினும் 2016ஆம் ஆண்டுத் தீர்ப்பில் ஒரு நெருடல் உண்டு. பாலியல் சித்திரிப்பு மரபில் புதிதன்று எனக் காட்டப் பழைய நூல்களைச் சான்றாகக் கொள்வது, மரபில் இல்லாத ஒன்றை எழுதுவோருக்கு என்ன காவல் என்ற வினாவை எழுப்புகிறது. இத்தகைய சூழல்களில் ஆலோசனை கூற வல்லுநர் குழு அமைக்கலாம் என்ற பரிந்துரையும் அத்தகையதே. ஊரின் இடத்தில் அறிஞர்கள் அமர்வதால் மட்டும் எழுதுபவர் தனிமனிதராகிவிடுவதில்லை.

உடன்பாட்டைச் சட்டத்தால் நீக்க முடிந்தது; அதன் விளைவை நீக்க முடிந்ததா என்பதற்கு ஆசிரியரின் பின்னைய எழுத்தே விடை. 2016 ஆகஸ்டில் தில்லியில் பேசியபோது, தமக்குள் ஒரு தணிக்கையாளர் வந்து அமர்ந்துவிட்டதாகப் பெருமாள்முருகன் குறிப்பிட்டார். அவ்வாண்டே வெளிவந்த ‘பூனாச்சி’ நாவலின் முன்னுரையில், மனிதர்களைப் பற்றி எழுத அச்சம், தெய்வங்களைப் பற்றி எழுதவோ பேரச்சம் என்கிறார். மாடும் பன்றியும் எழுதக்கூடாதவை. இறுதியில் எஞ்சியவை ஆடுகள். அந்நாவலில் வெள்ளாட்டுக் குட்டிக்குக் காது குத்தி அடையாளமிடுவதற்காக மக்கள் வரிசையில் காத்து நிற்கின்றனர். ஆட்சியைப் பற்றி உரக்கப் பேச அஞ்சும் அவ்வரிசையினரை எவரும் கட்டி நிறுத்தவில்லை, தாமாகவே நிற்கின்றனர்.