சூழலில் எழுத்தும் எண்ணும்: படநூல்கள் சில பற்றிய ஒரு நோக்கு

குழந்தை இலக்கியம் பற்றிய விமர்சனங்கள் பெரும்பாலும் கதையோடும் பாடலோடும் நின்றுவிடுகின்றன. எழுத்தையும் எண்ணையும் அறிமுகஞ் செய்யும் படநூல்கள் கற்பித்தலுக்குரிய துணைக்கருவிகள் எனக் கொள்ளப்பட்டு, இலக்கிய ஆய்வின் எல்லைக்கு வெளியே வைக்கப்படுகின்றன. ஆயினும், ஒரு சமுதாயம் தனது குழந்தைக்கு உலகை முதன்முதலில் எவ்வாறு காட்டுகின்றது என்பதை அறிவதற்கு இந்நூல்களைவிடச் சிறந்த சான்று வேறில்லை. அவற்றுள்ளும், அன்றாடச் சூழலிலேயே எழுத்தையும் எண்ணையும் தேடிக்காட்டும் நூல்கள் தனித்து நோக்கற்பாலன.

இத்தகைய முயற்சிக்கு நெடிய மரபொன்று உண்டு. 1658 ஆம் ஆண்டு நூரம்பேர்க் நகரில் வெளியான கொமேனியசின் 'ஓர்பிஸ் பிக்ரஸ்' ஐரோப்பியக் குழந்தைப் படநூல்களின் முன்னோடி எனப் போற்றப்படுவது. அதன் தொடக்கத்திலுள்ள அரிச்சுவடியில் காகம் கரைவதும் ஆட்டுக்குட்டி கத்துவதும் எழுத்துகளின் ஒலிகளை உணர்த்துகின்றன. எழுத்துக்கும் உலகுக்குமிடையே கொமேனியஸ் கண்ட பாலம் ஒலியாகும். பின்வந்த அரிச்சுவடிகள் ஒவ்வோர் எழுத்துக்கும் அதனை முதலாகக் கொண்ட சொல்லையும் அச்சொல்லுக்குரிய படத்தையும் தந்தன. அவையும் ஒலிவழிப்பட்டனவே.

அமெரிக்க ஓவியரான ஸ்டீபன் ரி. ஜோன்சன் 1995 இல் வெளியிட்ட 'அல்ஃபபெற் சிற்றி' (எழுத்து நகரம்) இம்மரபினின்றும் விலகியது. இந்நூலிற் சொற்கள் இல்லை. நியூயோர்க் நகரக் காட்சிகள், புகைப்படமோ என ஐயுறும் வண்ணம், ஓவியங்களாகத் தீட்டப்பட்டுள்ளன. வேலை நடக்கும் வீதியில் வழிமறித்து நிற்கும் மரத்தடையின் கால்கள் 'ஏ' என்னும் எழுத்தாகின்றன. தீ விபத்தின்போது இறங்குவதற்கெனக் கட்டடச் சுவரிற் பொருத்தப்பட்ட இரும்புப் படிக்கட்டு 'இசட்' ஆகின்றது. வீதிச் சமிக்ஞை விளக்கைப் பக்கவாட்டில் நோக்கும்போது 'ஈ' தோன்றுகின்றது. இங்கு எழுத்துக்கும் பொருளுக்கும் ஒலித்தொடர்பு எதுவுமில்லை. வடிவத்தொடர்பு மட்டுமே உண்டு. 1996 இல் கல்டெகொட் பரிசுத் தேர்வில் இந்நூல் சிறப்பு மதிப்பினைப் பெற்றது.

இவ்விடத்து ஒரு வினா எழுகின்றது. 'ஏ' என்னும் எழுத்தை முன்னரே அறியாத குழந்தை, மரத்தடையில் அதனை எவ்வாறு காணும்? காணாது என்பதே விடை. எனவே இது எழுத்தைக் கற்பிக்கும் நூலன்று. எழுத்தைக் கற்றுவிட்டவரின் கண்ணைப் பழக்கும் நூல். இதனை ஒரு குறைபாடாகக் கொள்ளவேண்டியதில்லை. பழக்கத்தினால் மழுங்கிய பார்வையைப் புதுப்பிப்பதே கலையின் பணி என 1917 இல் ரஷ்ய விமர்சகர் ஷ்க்லோவ்ஸ்கி வாதிட்டார். அக்கருத்துக்கு இந்நூல் எளிய எடுத்துக்காட்டாகும். வாகனம் செலுத்துபவர் சமிக்ஞை விளக்கை முன்னின்று நோக்குகிறார்; நிறத்தை மட்டும் காண்கிறார்; நிற்கிறார் அல்லது செல்கிறார். அதன் பயனிலிருந்து விலகிப் பக்கத்தில் நிற்பவருக்கே அதன் வடிவம் புலனாகின்றது. பழகிய நகரம் முதியவருக்குப் புதிதாகின்றது. அந்நியமான நகரமோ தனக்குத் தெரிந்த எழுத்துகளைத் தாங்கி நிற்பதனாற் குழந்தைக்கு உறவாகின்றது.

இம்முயற்சி வெற்றிபெற்றமைக்கு எழுத்தின் வரலாறும் ஒரு காரணமாகும். உரோமப் பேரெழுத்துகளின் செவ்விய வடிவம் கல்லிற் பொறிக்கப்பட்டுச் செம்மையுற்றது. கி.பி. 113 இல் எழுப்பப்பட்ட திராஜன் தூணின் அடியிலுள்ள கல்வெட்டு அதற்குப் புகழ்பெற்ற சான்று. நேர்கோடும் கோணமும் சீரான வளைவும் கொண்ட அவ்வெழுத்துகள் கட்டடக் கலையின் உடன்பிறப்புகள் போன்றவை. ஆதலின் இரும்பும் கல்லும் கொண்டு எழுந்த நகரில் அவற்றைக் கண்டெடுத்தல் இயல்பாகின்றது. ஓலையில் எழுத்தாணி கொண்டு எழுதப்பட்டு வளைவும் சுழிவும் மிகுந்த தமிழெழுத்துக்கு இம்முறையை அப்படியே பொருத்துதல் இயலாது. 'ட'வையும் 'ப'வையும் கட்டடத்திற் காணலாம். 'இ'யையும் 'ஞ'வையும் கொடியிலும் கயிற்றுச் சுருளிலுமே தேடவேண்டும்.

ஜோன்சன் 1998 இல் வெளியிட்ட 'சிற்றி பை நம்பேர்ஸ்' 1 முதல் 21 வரையான எண்களை அதே நகரில் தேடுகின்றது. ஆனால் எழுத்தில் வெற்றிபெற்ற முறை எண்ணில் ஒரு சிக்கலை எதிர்கொள்கின்றது. எழுத்து ஒரு குறி. அதன் வடிவத்தைக் காட்டினால் அதனைக் காட்டியதாகவே கொள்ளலாம். எண்ணோ அளவு பற்றிய கருத்து. எண்ணுரு அதன் குறி மட்டுமே. கட்டடத்தில் 8 என்னும் வடிவத்தைக் கண்டுகொண்ட குழந்தை, எட்டு என்னும் அளவை அறிந்ததாகாது. 1972 இல் வெளியான தானா ஹோபனின் 'கவுண்ட் அண்ட் சீ' இதற்கு நேர்மாறானது. கறுப்பு வெள்ளைப் புகைப்படங்களால் அமைந்த அந்நூலில் அன்றாடப் பொருள்களே எண்ணப்படுகின்றன. வீதியோரத்துத் தீயணைப்பு நீர்க்குழாய் ஒன்றிலே தொடங்கி, நூறு பட்டாணிக் கடலைகள் வரை அது செல்கின்றது. ஜோன்சனிடம் எண்ணின் உருவம் உண்டு. ஹோபனிடம் எண்ணின் உள்ளடக்கம் உண்டு.

ஹோபனின் பிற நூல்கள் மற்றொரு வகையில் முக்கியமானவை. 1983 இல் வெளியான 'ஐ ரீட் சைன்ஸ்' வீதிப் பலகைகளின் புகைப்படங்களை மட்டுமே கொண்டது. அங்கு எழுத்தைக் கற்பனையால் தேடவேண்டியதில்லை. அது கட்டளையாகவே வந்து நிற்கின்றது. 1987 இல் வெளியான '26 லெற்றர்ஸ் அண்ட் 99 சென்ற்ஸ்' ஒருபுறம் எழுத்துகளையும், நூலைத் திருப்பிப் பிடித்தால் மறுபுறம் எண்களுக்குரிய நாணயங்களையும் காட்டுகின்றது. சந்தைச் சமுதாயத்திலே குழந்தை எதிர்கொள்ளும் எழுத்து ஆணையாகவும், எண் பணமாகவும் அமைவதை இந்நூல்கள், நோக்கமின்றியேனும், உண்மையாகப் பதிவுசெய்துள்ளன.

இந்நோக்கில் ஜோன்சனின் நூலை மீளவும் அணுகுதல் பொருத்தமாகும். மரத்தடை நிற்குமிடம் தொழிலாளர் உழைக்குமிடம். இரும்புப் படிக்கட்டு, நெருங்கிய குடியிருப்புகளில் வாழ்வோரின் உயிர்காப்புக்கென அமைந்தது. இவை எழுத்தாக மாறும் கணத்தில் அவற்றின் சமூகப் பயன் பின்தள்ளப்படுகின்றது. வடிவம் மட்டுமே எஞ்சுகின்றது. பயனிலிருந்து விலகிய பார்வை அழகைத் தருகின்றது. அதே விலகலே மனித உழைப்பையும் மறைத்துவிடுகின்றது. முன்னர் பாராட்டப்பட்ட பண்பே இங்கு வரம்பாகவும் அமைகின்றது. உருவவாத நோக்கின் பலமும் பலவீனமும் ஒருங்கே புலப்படும் இடம் இதுவாகும்.

இவ்வரம்பைக் கடந்த நூலாக யப்பானிய ஓவியர் மிற்சுமாசா அன்னோவின் எண்ணுநூலைக் குறிப்பிடலாம். யப்பானில் 1975 இல் வெளியான இந்நூலின் ஆங்கிலப் பதிப்பு 1977 இல் வந்தது. சொற்களற்ற இந்நூல் பூச்சியத்திலே தொடங்குகின்றது. முதற்பக்கத்தில் பனி மூடிய வெற்று நிலம். அடுத்த பக்கத்தில் ஒரு வீடு, ஒரு மரம். பின்னர் பக்கந்தோறும் வீடுகளும் மரங்களும் மனிதரும் பெருகப் பெருக, வெற்று நிலம் ஓர் ஊராக வளர்கின்றது. பன்னிரண்டு எண்களும் பன்னிரண்டு மாதங்களாகின்றன. கோபுரக் கடிகாரம் அவ்வவ் எண்ணுக்குரிய மணியைக் காட்டுகின்றது. பக்கத்தின் ஓரத்தில் அடுக்கப்பட்ட சதுரக் கட்டிகள் அளவை உணர்த்துகின்றன. அன்னோவிடம் எண் என்பது பொருளின் வடிவமுமன்று, பணமுமன்று. மனிதர் கூடிவாழ்வதனால் வளரும் உறவு. பூச்சியத்தின் வெறுமையை உணர்ந்த பின்னரே ஒன்றின் பெறுமதி விளங்குகின்றது என்பதும் மனங்கொள்ளத்தக்கது.

சூழலை நூலாக வாசிக்கப் பழக்குதல் இந்நூல்கள் அனைத்துக்கும் பொதுவான பண்பு. அப்பழக்கம் எங்கே முடிவடைகின்றது என்பதிலேயே அவை வேறுபடுகின்றன. ஜோன்சன் கண்ணைத் திறக்கிறார். ஹோபன் கண்முன் உள்ளதைப் பெயரிடவும் எண்ணவும் தூண்டுகிறார். அன்னோ கண்டவற்றுக்கிடையேயுள்ள தொடர்பை உணர்த்துகிறார். மரத்தடையில் எழுத்தைக் கண்டு மகிழும் குழந்தை, அதனை அங்கு நிறுத்தியவர் யார் என ஒருநாள் வினவவேண்டும். அவ்வினாவுக்கு இடந்தரும் படநூலே முழுமையான எழுத்தறிவின் தொடக்கமாக அமையும்.