மரணத்தோடு பேசிய குரல்

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்துத் தென்மேற்கு மூலையில் ஸ்மித் முகடு என்றொரு மலைமேடு உண்டு. 2016ஆம் ஆண்டு ஜூன் 23 அன்று, தம் 89ஆம் வயதில் மறைந்த ரால்ஃப் ஸ்டான்லி என்னும் பாடகரை அங்கேதான் அடக்கம் செய்தார்கள். ஆண்டுதோறும் அவர் இசைவிழா நடத்தி வந்த மேடு அது. பாட்டுக் கேட்க ஏறிவந்து பழகிய அன்பர்கள், பாடியவரை வழியனுப்ப மீண்டும் ஏறிவந்தார்கள். 1966இல் இறந்த அண்ணன் கார்ட்டரும் அங்கேயே உறங்குகிறார்.

பாஞ்சோ, பிடில், மாண்டலின் ஆகியவை விரைந்தோட, உச்சக் குரலில் பாடப்பெறும் 'புளூகிராஸ்' இசைக்கு வித்திட்டவர் பில் மன்றோ. ஸ்டான்லி சகோதரர்கள் 1946இல் தங்கள் குழுவைத் தொடங்கி, அதை வளர்த்த முதல் தலைமுறையினரில் சிறந்து நின்றார்கள். எனவே ரால்ஃபை முன்னோடி என்று இரங்கலுரைகள் போற்றியதில் தவறில்லை. ஆனால் அவருடைய முன்னோட்டம் பின்னோக்கியே நிகழ்ந்தது என்பேன். அவர் வளர்ந்த ஆதி பாப்திஸ்து மரபின் கோயில்களில் இசைக்கருவிகளுக்கு இடமில்லை. ஒருவர் ஓர் அடியை எடுத்துக் கொடுக்க, சபையார் அதை நீட்டிப் பாடுவர். அந்த வெறுங்குரல் வழிபாட்டை 1970களின் தொடக்கத்தில் அவர் புளூகிராஸ் மேடைக்குக் கொண்டுவந்தார். கருவிகளின் வேகத்துக்குப் பேர்போன ஓர் இசையில் கருவிகளை இறக்கிவைப்பது எளிய துணிவன்று.

அத்துணிவின் உச்சத்தை 2000ஆம் ஆண்டு வெளியான 'ஓ பிரதர், வேர் ஆர்ட் தௌ?' திரைப்படத்துக்காக அவர் பாடிய 'ஓ டெத்' பாடலில் கேட்கலாம். பாஞ்சோவோடு பாட அழைத்தார்கள். தனிக்குரலே போதும் என்றார் அவர். 2002இல் அதற்குக் கிராமி விருது கிடைத்தது. வாசலில் வந்து நிற்கும் மரணத்திடம் ஒரு மனிதன் இன்னும் ஓராண்டு தவணை கேட்டுக் கெஞ்சுகிறான், அவ்வளவே பாடல். ஆறுதல் இல்லை, உயிர்ப்பின் வெளிச்சமும் இல்லை.

இது விசுவாசக் குறைவன்றோ என நம்மவர் வினவக்கூடும். எசேக்கியா அரசர் சுவர்ப்புறம் திரும்பி அழுது பதினைந்து ஆண்டுகள் பெற்றாரே, அது குறைவா? தாமே உயிர்ப்பிக்கப் போகும் இலாசரின் கல்லறையருகே நம் ஆண்டவர் கண்ணீர் விட்டாரே! அடக்கச் சடங்குகள் பாஸ்காவின் நம்பிக்கையைத் தெளிவாகக் காட்ட வேண்டும் என இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் பணித்தது. அது நன்றே. ஆயினும் 1970இன் திருப்பலிப் புத்தகத்திலிருந்து 'தியெஸ் ஈரே' என்னும் பழைய இலத்தீன் பாடல் நீங்கியபோது, இறந்தோர் திருப்பலியில் அச்சம் வாய்விட்டுப் பேசிய இடமும் சுருங்கிவிட்டது. பிணம் வீட்டைவிட்டு அகலுமுன்பே "அவர் விண்ணகத்தில் மகிழ்கிறார், அழாதீர்கள்" என்று தேற்றத் தொடங்கிவிடுகிறோம். அழுகிறவருக்கு அது சில வேளைகளில் வாயை மூடும் கையாகவே படுகிறது.

ரால்ஃபின் அன்பர்கள் அப்படித் தேற்றப்பட வேண்டியவர்களாய் இல்லை என்றே எண்ணுகிறேன். கார்ட்டர் 41 வயதில் மாண்டபோது தனித்துப் பாட முடியுமா என்று திகைத்த தம்பிக்கு, நீர் நிறுத்தலாகாது என்று கடிதங்களும் தொலைபேசி அழைப்புகளும் குவிந்தன. எழுதியவர்கள் சுரங்கத்தையும் வயலையும் நம்பி வாழ்ந்த அம்மலைநாட்டு மக்களைப் போன்ற எளியவர்கள். அவர் தொடர்ந்தார், ஐம்பது ஆண்டுகளாக அவர்களுடைய இழவுகளையெல்லாம் அவர் குரலே சுமந்தது. 2016இல் அவர்கள் இழந்தது ஒரு கலைஞரை மட்டுமன்று. தங்களுக்காக அழத் தெரிந்த ஒருவரை.

ஒரு குறையும் சொல்ல வேண்டும். திரைப்படத்தில் இப்பாடல், கறுப்பின இளைஞன் ஒருவனைத் தூக்கிலிடத் திரண்ட முகமூடிக் கொலைஞர்களின் தலைவன் வாயில் வைக்கப்பட்டிருக்கிறது. காட்சி நடுங்க வைக்கிறது, உண்மை. ஆயினும் சாவுக்கு அஞ்சுபவனின் மன்றாட்டு அங்கே சாவைக் கொண்டுவருபவனின் கொக்கரிப்பாகிவிடுகிறது. முதன்முதலாகக் கேட்க விரும்புவோர் படத்தை ஒதுக்கிவிட்டு ஒலிப்பதிவை மட்டும், இயன்றால் இரவில், விளக்கணைத்துக் கேட்கட்டும்.