ஆறு மணி நேர அவசரம்

ரத்த வாந்தி எடுத்தவரை உடனே எண்டோஸ்கோபி அறைக்குக் கொண்டுபோனால் பிழைத்துக்கொள்வார் என்று உறவினர்கள் நம்புகிறார்கள். மருத்துவர்களிலும் பலர் நம்புகிறார்கள். ஹாங்காங் ஆய்வாளர்கள் இந்த நம்பிக்கையைச் சோதித்து 2020-இல் முடிவை வெளியிட்டனர். ரத்தக்கசிவின் ஆபத்தை அளக்கும் கிளாஸ்கோ-பிளாட்ச்போர்டு மதிப்பெண் 12-ஐத் தொட்ட அல்லது தாண்டிய, ஆபத்து மிகுந்த 516 பேர். பாதிப் பேருக்கு, குடல்நோய் நிபுணரைக் கலந்த 6 மணி நேரத்துக்குள் பரிசோதனை. மீதிப் பேருக்கு 6 முதல் 24 மணி நேரத்துக்குள். 30 நாளில் இறந்தவர்கள் முதல் அணியில் 8.9 சதவீதம், இரண்டாவதில் 6.6.

அவசரமே ஆளைக் கொன்றது என்று இதைப் படிக்கக் கூடாது; தற்செயலாகவும் வரக்கூடிய வித்தியாசம்தான் இது. ஆனால் அவசரம் உயிரைக் காத்தது என்பதற்கும் இதில் சான்றில்லை.

எனக்குப் பெரிதாகப் படுவது இன்னொரு கணக்கு. அல்சர் இருந்தவர்களில், ரத்தம் ஒழுகும் புண்ணோ ரத்தக்குழாய் துருத்தி நிற்கும் புண்ணோ முதல் அணியில் 66 சதவீதம் பேருக்குத் தென்பட்டது; இரண்டாம் அணியில் 48 சதவீதம் பேருக்குத்தான். ஆகவே முதல் அணியில் குழாய் வழியாக ரத்தத்தை நிறுத்தும் சிகிச்சையும் கூடுதலாக நடந்தது. அப்படியும் மறுபடி ரத்தம் கசிவது குறையவில்லை. காத்திருந்த நேரத்தில் நரம்பு வழியே ஏறிய அமிலத் தடுப்பு மருந்து பல புண்களை அடக்கியிருக்கும் என்பதே பொருத்தமான விளக்கம்.

ஆய்வின் எல்லைகளையும் சொல்ல வேண்டும். முதலுதவிக்குப் பிறகும் ரத்த அழுத்தம் ஏறாதவர்களை இதில் சேர்க்கவே இல்லை. அவர்களுக்குக் காத்திருப்பு பொருந்தாது. கல்லீரல் சுருங்கி, உணவுக்குழாயில் புடைத்த ரத்தக்குழாய் வெடித்தவர்கள் இதில் பத்தில் ஒருவருக்கும் குறைவு. மதுவால் கல்லீரல் கெட்டவர்கள் நிரம்பிய நம்மூர் வார்டுகளுக்கு இது பெரிய குறை; அவர்களுக்கு 12 மணி நேரத்துக்குள் என்ற வழிகாட்டுதலே நிற்கிறது. இன்னொன்று, நேரத்தை எண்ணத் தொடங்கியது நிபுணரைக் கலந்தபோதுதான். மருத்துவமனைக்குள் நுழைந்ததிலிருந்து எண்ணினால் அவசர அணிக்கே சராசரியாகப் பத்து மணி நேரம் ஆகியிருக்கிறது.

அல்சர் கசிவென்று சந்தேகித்து, அழுத்தம் நிலைத்துவிட்டவரை நள்ளிரவில், பழகிய நர்ஸ் இல்லாத அறையில், ரத்தக்கட்டி நிறைந்த வயிற்றுக்குள் துழாவ வேண்டியதில்லை. ரத்தமும் திரவமும் ஏற்றி, மருந்தைத் தொடங்கி, காலையில் முழுக் குழுவோடு பார்க்கலாம். ஆனால் 24 மணி நேரம் என்பது கடைசிக் கெடு. சனிக்கிழமை இரவு வந்தவரைத் திங்கள்கிழமைக்குத் தள்ளும் மருத்துவமனை இந்த ஆய்வைத் துணைக்கு அழைக்க முடியாது.