கும்மிடிப்பூண்டி லோக்கலில் ஒரு சங்கீத நகரம்

சென்ற மாதம் ஒரு நாள் சாயங்காலம், மூர் மார்க்கெட் வளாகத்தில் புறப்படும் கும்மிடிப்பூண்டி லோக்கலில் போய்க்கொண்டிருந்தேன். எதிர் சீட்டில் ஓர் இளைஞர். சிப்காட் கம்பெனி ஒன்றின் நீலச் சட்டை. மடியில் பழைய வேட்டியில் சுற்றிய பெரிய மூட்டை. மீஞ்சூர் வரை பேசவில்லை. பிறகு நான் படித்துக்கொண்டிருந்த சபா புரோகிராம் புத்தகத்தை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"சார், சென்னைய மியூசிக் சிட்டின்னு யுனெஸ்கோ சொல்லியிருக்காமே, நெஜமா?"

"நெஜம்தான். 2017ல சொன்னாங்க."

"அதுல கவரப்பேட்ட வருமா?"

சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்கவில்லை. காரணம், அவர் சிரிக்கவில்லை. மூட்டையில் என்ன என்று கேட்டேன். "பம்பை சார். தாத்தாவோடது. தோல் மாத்திக்கினு போறேன். ஆடி மாசம் லீவு போட்டுட்டு அம்மன் கோயில்ங்கள்ல வாசிப்பேன்."

அவருக்கு அன்று சரியாகப் பதில் சொல்லவில்லை. இப்போது உங்களிடம் சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் இந்தப் பட்டம் எப்படிக் கிடைக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். யுனெஸ்கோ 2004ல் 'படைப்பாற்றல் நகரங்கள்' என்று ஒரு அமைப்பைத் தொடங்கியது. இலக்கியம், சினிமா, சமையல் என்று பல பிரிவுகள். அதில் ஒன்று இசை. 2006ல் இத்தாலியின் பொலோனியாவும் ஸ்பெயினின் செவியாவும் முதலில் வந்தன. நம் நாட்டில் காசி 2015ல், சென்னை 2017ல், குவாலியர் 2023ல். பான்சூரியும் ஷெனாயும் தான்சேனும் இருக்கிற வரிசையில் நம் ஊரும் இருப்பதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் ஒரு விஷயம். மொசார்ட்டும் பீத்தோவனும் ஷூபர்ட்டும் வாழ்ந்த வியன்னா இந்த இசைப் பட்டியலில் கிடையாது. வியன்னாவில் இசை இல்லை என்று அர்த்தமா? இல்லை. ஊர் தானே விண்ணப்பம் போட்டால்தான் பட்டம். கல்யாண மார்க்கெட்டில் ஜாதகம் கொடுக்காத பெண்ணை யாரும் பார்க்க வருவதில்லை, அவ்வளவுதான்.

ஆக, இது பரிசு அல்ல. ஓர் ஊர் தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொடுத்த பயோடேட்டாவுக்குக் கிடைத்த ரசீது. அந்த பயோடேட்டாவில் எதை எழுதுகிறோம், எதை விடுகிறோம் என்பதில்தான் சமாசாரம் இருக்கிறது.

சென்னை என்றால் நாம் என்ன எழுதுவோம்? மார்கழி. 1927 காங்கிரஸ் மாநாட்டை ஒட்டி நடந்த இசை மாநாட்டில் முளைத்து, 1928ல் உருவான மியூசிக் அகாடமி. மயிலாப்பூர், தி.நகர் சபாக்கள். சில வாரங்களுக்குள் ஆயிரத்துக்கு மேல் கச்சேரிகள். சும்மா சொல்லக் கூடாது, உலகத்தில் வேறெந்த ஊரிலும் ஒரே மாதத்தில் இவ்வளவு செவ்வியல் இசை இவ்வளவு மலிவாகக் கிடைப்பது அபூர்வம். மத்தியானக் கச்சேரிகள் பெரும்பாலும் இலவசம். அமெரிக்காவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் லீவு போட்டுவிட்டு வருகிறார்கள். காண்டீன் போண்டாவுக்குத் தனி விமரிசகர்கள் உண்டு. இந்தப் புகழ் பொய் இல்லை. அரைகுறை. அதுதான் என் புகார்.

எப்படி அரைகுறை என்று கேட்டால், என்னுடன் அந்த லோக்கலில் ஏறிக்கொள்ளுங்கள்.

வண்டி கொருக்குப்பேட்டையை நெருங்கும்போது வலது பக்கம் சற்றுத் தள்ளி ஜார்ஜ் டவுன். மயிலாப்பூர் சங்கீத மையம் ஆவதற்கு முன்னால் சென்னையின் சங்கீதம் அங்கேதான் இருந்தது. வீணை தனம்மாள் வாழ்ந்தது அங்கே. வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் அவர் வீட்டில் வாசிப்பதைக் கேட்கப் பெரிய வித்வான்கள் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பார்களாம். பாலசரஸ்வதி, பிருந்தா, முக்தா எல்லாம் அந்த வீட்டுப் பேத்திகள்.

அடுத்து திருவொற்றியூர். தியாகராஜர் இங்கே வந்து வடிவுடை அம்மன் மேல் ஐந்து கிருதிகள் பாடினார். திருவொற்றியூர் பஞ்சரத்னம் என்று பெயர். அவருடைய சீடர் வீணை குப்பையர் இந்த ஊர்க்காரர்.

அங்கிருந்து மேற்கே மணலி. இன்றைக்கு மணலி என்றால் சுத்திகரிப்பு ஆலையின் நெருப்பு ஞாபகம் வரும். இருநூறு வருஷத்துக்கு முன்னால் முத்துசாமி தீட்சிதர் குடும்பம் மணலி முத்துகிருஷ்ண முதலியாரின் ஆதரவில் இங்கே இருந்தது. முதலியார் கும்பெனி வெள்ளைக்காரர்களுக்கு துபாஷ். அதனால் கோட்டையில் வாசிக்கும் பாண்டு இசை இவர்கள் காதில் விழுந்தது. தீட்சிதர் அந்த மெட்டுகளுக்கு சம்ஸ்கிருதத்தில் சாகித்யம் எழுதினார். நோட்டுஸ்வரம் என்கிறோமே, அவை. ஏறத்தாழ நாற்பது. பிரிட்டிஷ் ராஜ கீதத்தின் மெட்டுகூட அதில் உண்டு. அவர் தம்பி பாலுசாமி தீட்சிதர் வெள்ளைக்காரரிடம் வயலின் கற்றுக்கொண்டு அதைக் கர்நாடக சங்கீதத்துக்குள் கொண்டுவந்தார். இன்று அகாடமி மேடையில் வயலின் இல்லாமல் ஒரு கச்சேரியைக் கற்பனை செய்ய முடியுமா? அந்த வயலின் மயிலாப்பூருக்கு மணலி வழியாக வந்தது.

இன்னும் கொஞ்ச தூரம் போனால் எண்ணூர். அனல்மின் நிலையச் சாம்பல் கொட்டிய கழிமுகம். 2017 ஜனவரியில் அங்கே நின்றுதான் டி.எம். கிருஷ்ணா 'பொறம்போக்கு' பாட்டைப் பாடினார். கபேர் வாசுகி எழுதியது. சென்னைத் தமிழ் வார்த்தைகள், ராகமாலிகையில். அந்த வருஷம் முடிவதற்குள் சென்னைக்கு இசை நகரம் பட்டம் வந்தது. அது வந்து சில வாரங்களில், 2018 ஜனவரியில், பா. இரஞ்சித் முன்னின்று உருவாக்கிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' தன் முதல் கச்சேரியை நடத்தியது. கானாவும் பறையும் ராப்பும் ஒரே மேடையில். மூன்றும் ஒரே வருஷத்துக்குள். முதலாவதையும் மூன்றாவதையும் பயோடேட்டாவில் எந்தப் பக்கத்தில் ஒட்டுவீர்கள்?

கானா என்றதும் சிலருக்கு மூக்கு சுளிக்கும். 'அது குப்பத்துப் பாட்டு சார்' என்பார்கள். உண்மைதான். சாவு வீட்டில் ராத்திரி முழுக்கக் கண் விழிக்கப் பாடிய பாட்டு அது. ஆனால் உலகத்தில் எந்த ஊர் எதனால் பேர் வாங்கியது என்று கொஞ்சம் பாருங்கள்.

ஜமைக்காவின் கிங்ஸ்டன் 2015ல் இசை நகரம் ஆனது. எதனால்? ட்ரெஞ்ச் டவுன் என்ற ஏழைக் குடியிருப்பின் ஒண்டுக்குடித்தன முற்றங்களில் பிறந்த ரெக்கேயால். பாப் மார்லி வளர்ந்தது அங்கேதான். அர்ஜென்டினாவின் டாங்கோ, துறைமுகத்தையும் கூலிகளின் பேட்டைகளையும் ஒட்டிப் பிறந்தது; மேல்தட்டு ஆட்கள் முதலில் கிட்டே வரவில்லை. 2009ல் யுனெஸ்கோ அதை மானுடப் பாரம்பரியம் என்றது. லிஸ்பனின் ஃபாடோ, மாலுமிகளும் கூலிகளும் புழங்கிய சந்துகளின் சோகப் பாட்டு. 2011ல் அதற்கும் அதே மரியாதை. லிவர்பூல் துறைமுகத்துப் பையன்கள் நாலு பேரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கவனித்தீர்களா? எல்லாம் துறைமுக ஊர்கள். கப்பலில் வாத்தியமும் வரும், மனுஷனும் வருவான். பக்கத்துப் பேட்டையில் இரண்டும் கலக்கும். சென்னைக்கும் துறைமுகம் இருக்கிறது. அதன் இசையும் இருக்கிறது, ராயபுரத்திலும் காசிமேட்டிலும் வியாசர்பாடியிலும். கிங்ஸ்டன்காரர்கள் தங்கள் ட்ரெஞ்ச் டவுனை முகப்பில் வைத்துக்கொண்டார்கள். நாம் நம்முடையதைப் பின்கட்டில் வைத்திருக்கிறோம். சினிமாவில் குத்துப் பாட்டாக வந்தால் மட்டும் முன்வாசல் திறப்போம். 2006ல் 'சித்திரம் பேசுதடி'யில் கானா உலகநாதன் பாடியபோது மாநிலமே ஆடியதே, ஞாபகம் இருக்கிறதா?

இப்போது இன்னொரு அளவுகோல் புறப்பட்டிருக்கிறது. எந்த ஊருக்கு எந்த வெளிநாட்டு நட்சத்திரம் வந்தார்? பெங்களூருக்கு 2007ல் அயர்ன் மெய்டன், 2011ல் மெட்டாலிகா. அகமதாபாத்துக்கு 2025 ஜனவரியில் கோல்ட்ப்ளே. அடுத்த மாதமே சென்னைக்கு எட் ஷீரன் வந்தார், ஏ.ஆர். ரஹ்மானும் மேடையேறினார், 'அப்பாடா, நாமும் மேப்பில் வந்துவிட்டோம்' என்று பலர் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். எனக்கு இதில் ஒரு சந்தேகம். பெரிய நட்சத்திரம் வந்தால் அந்த ஊரில் பெரிய மைதானமும் டிக்கெட் வாங்கக் காசும் இருக்கிறது என்று தெரிகிறது. அந்த ஊரில் இசை இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? பக்கத்து வீட்டுக்கு விருந்தாளி வந்தால் அந்த வீட்டில் சமைக்கத் தெரியும் என்று அர்த்தமில்லை. ஓட்டலில் வாங்கியும் போடலாம்.

அதற்கு ஷில்லாங் பரவாயில்லை. அந்தச் சின்ன மலையூரில் லூ மஜாவ் என்ற பாடகர் 1972லிருந்து மே மாதத்தில் பாப் டிலனின் பிறந்தநாளைக் கச்சேரி வைத்துக் கொண்டாடிவருகிறார். டிலனைக் கூப்பிட்டு அல்ல, தானே பாடி. அந்த ஊருக்கு ராக் இசையில் ஒரு பேர் இருக்கிறதென்றால், இந்த மாதிரி பிடிவாதங்களுக்கு அதில் பங்கு உண்டு.

சரி, கவரைப்பேட்டை. இந்த ஊர்ப் பேர் இந்தியா முழுக்க ஒரே ராத்திரியில் பரவியது 2024 அக்டோபர் 11ல். ஆயுத பூஜை. மைசூரிலிருந்து தர்பங்கா போன பாக்மதி எக்ஸ்பிரஸ், மெயின் லைனில் போகாமல் லூப் லைனில் நுழைந்து, நின்றிருந்த சரக்கு ரயிலின் பின்னால் மோதியது. பெட்டிகள் தடம் புரண்டு கிடந்தும் உயிர்ச் சேதம் இல்லை. ஊர்க்காரர்கள் இருட்டில் ஓடிப்போய் உதவினார்கள். இரண்டு நாள் எல்லா சேனல்களிலும் கவரைப்பேட்டை. அப்புறம் மறந்துபோச்சு. ஓர் ஊரின் புகழ் என்பது பெரும்பாலும் அந்த ஊர்க்காரர் கையில் இல்லை என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

இந்த ஊரில் இசை இருக்கிறதா? அந்த லோக்கல் பெட்டியிலேயே பதில் கிடைத்தது. கதவோரம் பீகார்ப் பையன்கள் இரண்டு பேர் செல்போனில் போஜ்புரிப் பாட்டு. ஜன்னலோரம் ஒரு அம்மா தெலுங்கில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு. ஆந்திர எல்லை கூப்பிடு தூரம்தானே. கும்மிடிப்பூண்டி முகாமில் இலங்கைத் தமிழர்கள் பல காலமாக இருக்கிறார்கள், அவர்களோடு அவர்கள் பாட்டும். என் எதிரே பம்பை. இவ்வளவு வகை மயிலாப்பூர் மாட வீதியில் ஒரே நேரத்தில் கேட்காது. மணலியில் தீட்சிதர் காதில் பாண்டு இசை விழுந்ததே, அந்த மாதிரி ஒரு இடம் இது. என்ன, காதுகள் இருக்கின்றன, முதலியார் இல்லை.

அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2007ல் சென்னை சங்கமம் வந்தது. நாட்டுப்புறக் கலைஞர்கள் பூங்காக்களில் ஆடினார்கள், நடுவில் நின்று, 2023ல் மறுபடி தொடங்கியது. 2015ல் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் மீனவர் தெருவிலேயே கர்நாடகக் கச்சேரியும் கட்டைக்கூத்தும் பறையும் சேர்த்து ஒரு விழா எடுத்தார்கள். 2020 டிசம்பரிலிருந்து 'மார்கழியில் மக்களிசை'. எல்லாம் நல்ல ஆரம்பங்கள். ஆனால் பொங்கலுக்கு நாலு நாள் கலைஞரை நகரத்துக்குக் கூட்டி வந்து வேடிக்கை பார்த்துவிட்டு பஸ் ஏற்றி அனுப்புவது ஒன்று. அவர் இருக்கிற இடத்துக்கு மேடை போவது இன்னொன்று. இரண்டாவது இன்னும் சரியாக நடக்கவில்லை.

எனக்கு ஒரு யோசனை. இவ்வளவு சபாக்களில் ஒன்றே ஒன்று, ஒரே ஒரு நாள், தன் மார்கழிக் கச்சேரியைப் பொன்னேரியிலோ கும்மிடிப்பூண்டியிலோ ஒரு கல்யாண மண்டபத்தில் வைக்கட்டும். முதலில் பம்பை, அப்புறம் பாட்டு. இரண்டு பேருக்கும் ஒரே சம்மானம். 'கூட்டம் வருமா சார்?' என்பீர்கள். மத்தியான ஸ்லாட்டில் தி.நகரிலேயே பத்துப் பதினைந்து பேருக்குப் பாடிப் பழகியவர்கள்தானே, இங்கே இருபது பேர் வந்தால் லாபம்.

வண்டி கவரைப்பேட்டையில் நின்றது. இளைஞர் மூட்டையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "மார்கழிக் கச்சேரி கேட்டிருக்கீங்களா தம்பி?" என்று கேட்டேன்.

"ஒரு தபா போனேன் சார், டிசம்பர்ல. சூப்பரா பாடிக்கினு இருந்தாங்க. தனி ஆவர்த்தனம்னு மிருதங்கக்காரர் ஆரம்பிச்சாரு. அப்டியே கையி துறுதுறுங்குது. ஆனா பாதியில எழுந்து வந்துட்டேன்."

"ஏன், பிடிக்கலையா?"

"அய்ய, லாஸ்ட் வண்டி போயிடும் சார்."

தனி ஆவர்த்தனத்தின் போது காண்டீனுக்கு எழுந்து போகிறவர்களை எத்தனையோ வருஷமாகப் பார்த்திருக்கிறேன். அந்தக் கூட்டத்தில் ஒருவர் கும்மிடிப்பூண்டி லோக்கலைப் பிடிக்க, மனசே இல்லாமல் ஓடியிருக்கிறார் என்பது எனக்குத் தெரியாமல் போச்சு.

கவரைப்பேட்டை அதில் வருமா என்று கேட்டார் அல்லவா? யுனெஸ்கோ கணக்கில் வராது. அவர் அந்தத் தனியை முழுசாகக் கேட்டுவிட்டு வீடு திரும்ப ஒரு வண்டி விடுகிற அன்றைக்கு நம் கணக்கில் வரும்.