'வீவர் கப்பிள்' நெய்த புடவை

ஆரணிப் பட்டு விற்கிற ஆங்கில விளம்பரங்களைக் கொஞ்ச நாளா வாசிச்சிட்டு வர்றேன். தறியில் இரண்டு பேர் இருக்கிற படம் என்றால் கீழே அநேகமா இரண்டில் ஒரு வாசகம் இருக்கும்: 'எ வீவர் அண்ட் ஹிஸ் வைஃப்', இல்லேன்னா 'வீவர் கப்பிள்'.

முதல் வாசகத்தில் நெசவாளர் ஒருத்தர்தான். கூட இருக்கிறவங்க மனைவி, அவ்வளவே. 'கப்பிள்' கொஞ்சம் பரவாயில்லை, ஆனா அது இருவரையும் சேர்ப்பது கல்யாணத்தை வைத்து, தறியை வைத்து அல்ல. 'பேர்' என்று எழுதினால் செருப்பு, கம்மல் ஞாபகம் வருது. (நம்ம 'ரெண்டு பேர்'ல வர்ற பேர் வேற!)

கோர்வைப் புடவையை எடுத்துக்குங்க. உடல் ஒரு நிறம், கரை வேற நிறம். பழைய முறையில் மூன்று நாடா ஓடணும்; ஒரு பக்கக் கரைக்கு நாடா தள்ள இன்னொரு ஆள் பக்கத்தில் உட்காரணும். அந்த ஆள் எழுந்து போனா நெசவு நின்னுடும். இதுக்குப் பேர் 'ஹெல்ப்' என்றால் எனக்குச் சம்மதமில்லை. தமிழிலும் 'ஒத்தாசை'ன்னு சொல்லி முடிச்சிடறோம், பழியை இங்கிலீஷ் மேல மட்டும் போட முடியாது.

2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பு நெசவாளர்களையும் துணைத் தொழிலாளர்களையும் தனித்தனியா எண்ணியது: சுமார் 26.7 லட்சம், 8.5 லட்சம். அந்த நெசவாளர்களில் 70 சதவீதத்துக்கு மேல் பெண்கள். அரசுக் கணக்கில் நெசவாளரா இருக்கிறவங்க, படத்துக்குக் கீழே வந்ததும் 'வைஃப்' ஆயிடறாங்க. கூலியோ புடவைக்கு இவ்வளவு என்று வருவது. இருவர் உழைப்புக்கும் ஒரே கூலி, ஒரே கையெழுத்து என்று இருக்கிற வீட்டில் இந்த வார்த்தை வெறும் வார்த்தை இல்லை.

'ரெண்டு பேரும் நெய்யறாங்க' என்பதில் அந்த 'உம்' யாரையும் முன்னே பின்னே நிறுத்தாது. இங்கிலீஷில் 'டூ வீவர்ஸ்' என்றாலே போதும், எழுத்தும் மிச்சம்.

சிக்கல் மூணாவது ஆளிடம்தான். தமிழ் 'உம்' மூணு பேரும், நாலு பேரும் என்று நீண்டுக்கிட்டே போகும். 'போத்' இரண்டோடு நின்னுடும். திண்ணையில் தார் சுத்துற பாட்டியை எங்கே சேர்ப்பது? 'வீவர் ஃபேமிலி' என்றால் எல்லாரும் உள்ளே வந்துடுவாங்க. யார் என்ன வேலை செஞ்சாங்கன்னு மட்டும் தெரியாது. அதுக்கு எனக்கு இன்னும் சரியான சொல் அகப்படலை.