வெந்து தணிந்த நீறு

திருவண்ணாமலை தேரடித் தெருவில் விபூதி வாங்கினால், முதலில் விரலிடையில் தேய்த்துப் பாருங்கள். பசுஞ்சாண உருண்டைகளை வெயிலில் காயவைத்து, உமியால் மூடி, நிதானமாகக் கனலவிட்டு எடுத்த நீறு மெத்தென்று ஒட்டும். கரியெல்லாம் எரிந்துபோய் பெரும்பாலும் சிலிக்காவும் கால்சியம், பொட்டாசிய உப்புகளும்தான் மிஞ்சியிருக்கும். வேக்காடு குறைந்தால் கரி தங்கிக் கறுக்கும். சூடு மீறினால் துகள் இறுகி நறநறக்கும். கரு, செம், புகை, பொன் நிற விபூதிகளை சைவ அறிஞர் ஆறுமுக நாவலர் ‘சைவ வினாவிடை’ நூலில் விலக்கியிருக்கிறார். பக்குவம் தப்பிய நீற்றின் பட்டியலாகவே அதை நான் படிக்கிறேன். விபூதியின் கற்பம், அனுகற்பம், உபகற்பம், அகற்பம் என்ற நால்வகையும் மூலப்பொருளையும் செய்முறையையும் வைத்துப் பிரித்தவைதானே! மணக்க மணக்க விற்கும் பாக்கெட்டுகளில் பல வெறும் சுண்ணாம்புக்கல் மாவு. வாசனையை நம்பாதீர்கள், சாணம் சுட்டு, துணியில் சலித்த நீறா என்று கேட்டு வாங்குங்கள்.