அகம்பெனின் இரங்கற் பூசையும் எங்கள் மௌனமும்

கடந்த மாதம் எங்கள் வாசிப்பு வட்டத்தில் நண்பர் ஒருவர், இத்தாலியத் தத்துவவியலாளர் ஜோர்ஜோ அகம்பென் 2020 மே மாதம் எழுதிய 'மாணவர்களுக்கான இரங்கற் பூசை' என்னும் சிறு கட்டுரையை விளக்கிக் கதைத்தார். வந்திருந்த எட்டுப் பேரும் தலையாட்டினோம். நானும்தான் ஆட்டினேன். இரவு வேலைக்குப் போகும் பஸ்ஸில்தான் அது உறுத்தத் தொடங்கியது.

கட்டுரை இரண்டு பக்கத்துக்கு மேல் வராது. கொள்ளைநோயைச் சாட்டாக வைத்துப் பல்கலைக்கழகங்கள் இணையவழிக்கு மாற்றப்படுகின்றன. இதில் அழிவது வகுப்பறை மட்டுமல்ல, மாணவப் பருவம் என்கிற வாழ்முறையே என்கிறார். ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் மாணவர் கூட்டங்களிலிருந்து பிறந்தவை. ஊர்விட்டு ஊர் வந்து, ஒன்றாகத் தங்கி, விரிவுரைக்குப் பின்னும் கூடிக் கதைத்ததும் படிப்புத்தான். இதுவரைக்கும் எனக்கு மறுப்பில்லை. அடுத்து வருவதுதான் சிக்கல். இணையவழிக் கற்பித்தலுக்கு இணங்கும் ஆசிரியர்கள், 1931இல் பாசிச ஆட்சிக்கு விசுவாசப் பிரமாணம் செய்த பேராசிரியர்களுக்குச் சமமானவர்களாம். படிப்பை உண்மையாக நேசிக்கும் மாணவர்கள் இப்படியான பல்கலைக்கழகங்களில் சேர மறுத்து, தமக்கெனப் புதிய கூட்டங்களை அமைக்கவேண்டுமாம்.

முதலில் 1931. ஆயிரத்துக்கு மேற்பட்ட பேராசிரியர்களில் பிரமாணத்தை மறுத்தவர்கள் ஒரு டசின் அளவினரே. புராதன வரலாற்றறிஞர் கயெற்றானோ டி சாங்ரிஸ் அவர்களில் ஒருவர். மரியாதைக்குரியவர்கள். ஆனால் பாசிசத்தை வெளிப்படையாக எதிர்த்த பெனெடெற்றோ குரோச்சேயே, கதிரைகளைப் பாசிஸ்டுகளிடம் விட்டுவிடாமல் தொடர்ந்து கற்பிக்கும்படி சிலருக்கு ஆலோசனை சொன்னவர். ஆக, அகம்பென் எடுத்துக்கொண்ட உதாரணமே அவர் காட்டுகிற அளவுக்கு நேரானதல்ல. அதைவிட முக்கியம், அந்தப் பிரமாணம் எதைக் கற்பிப்பது, யாருக்காகக் கற்பிப்பது என்பதைக் கட்டிப்போட்டது. 2020இன் கணினித்திரை எப்படிக் கற்பிப்பது என்பதை மாற்றியது. இரண்டையும் ஒன்றென்று சொல்பவர், திரையில்லாத வகுப்பறை தன்னளவிலேயே சுதந்திரமானது என்று நம்புகிறார் என்றே கொள்ளவேண்டும்.

அந்த நம்பிக்கை எனக்கு இல்லை. 1989 செப்ரெம்பரில் ரஜனி திராணகம யாழ்ப்பாணத்தில் சுட்டுக் கொல்லப்பட்டபோதும், 1991இல் செல்வி புலிகளால் கொண்டுசெல்லப்பட்டபோதும் நான் அந்தப் பல்கலைக்கழகத்தில் மாணவன். மின்சாரமில்லை. ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம், சைக்கிள் டைனமோவைச் சுற்றிப் பிபிசி கேட்டோம். அகம்பென் உருகுகிற அந்த 'வாழ்முறை' எங்களிடம் தாராளமாக இருந்தது. முகத்துக்கு முகம் பார்த்தோம், ஒரே வாங்கில் இருந்தோம், ஒரு தேநீரை இரண்டு பேர் குடித்தோம். செல்வியின் இடம் வெறுமையானபிறகும் அதே வாங்கில்தான் இருந்தோம், வாய் திறக்கவில்லை. பின்னர் விரிவுரையாளனானேன். அப்போதும் எந்தப் பெயரை வகுப்பில் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று எனக்கு ஒருவரும் எழுதித் தரவேண்டியிருக்கவில்லை. எங்களிடம் யாரும் பிரமாணம் கேட்கவில்லை. தேவைப்படவில்லை.

இதனால் அகம்பெனை முழுக்கத் தூக்கி எறியவேண்டும் என்று சொல்லவரவில்லை. 2020 பெப்ரவரியில் இந்த நோய் சாதாரண காய்ச்சலிலிருந்து பெரிதாக வேறுபட்டதல்ல என்ற பாங்கில் எழுதி, அடுத்த மாதமே பெர்காமோவிலிருந்து இராணுவ வண்டிகள் சவப்பெட்டிகளை ஏற்றிப்போனதைப் பார்க்க நேர்ந்தவர் அவர். அந்தத் தவறைத் திரும்பத் திரும்பச் சொல்லிச் சிரிப்பதில் எனக்கு ஆர்வமில்லை. அவருடைய 'விதிவிலக்கு நிலை' பற்றிய கோட்பாடு பொருந்துகிற இடம் ஒன்று இருந்தது, அது எங்கள் ஊரிலேயே இருந்தது. 2021 ஜூலையில் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகச் சட்டமூலத்தை எதிர்த்துப் பாராளுமன்றத்துக்கு அருகே நின்ற இலங்கை ஆசிரியர் சங்கப் பொதுச் செயலாளர் ஜோசப் ஸ்டாலினும் மற்றவர்களும் கைதாகினர். நீதிமன்றம் பிணை கொடுத்தது. பிணை கிடைத்த கையோடு 'தனிமைப்படுத்தல்' என்று சொல்லி அவர்களைக் கேப்பாப்புலவு விமானப்படை முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அது எந்தக் கேப்பாப்புலவு? தங்கள் காணியை இராணுவத்திடமிருந்து மீட்க 2017இலிருந்து சனங்கள் தெருவில் குந்தியிருந்த அதே கேப்பாப்புலவு.

அதற்கு ஆசிரியர்கள் என்ன செய்தார்கள்? இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகினார்கள். சம்பள முரண்பாட்டுக் கோரிக்கையையும் சேர்த்து மூன்று மாதத்துக்கும் மேலாகத் தாக்குப்பிடித்தார்கள். திரை அடிமைத்தனம் மட்டுமே என்றால் இந்த வேலைநிறுத்தத்தை எப்படி விளங்கிக்கொள்வது? அவர்கள் திரையை நிறுத்தியது தத்துவத்துக்காக அல்ல. நிறுத்தினால் அரசுக்கு நோகும் என்பதால் நிறுத்தினார்கள். அதே வருடம் ஊவாவின் மலைக்கிராமம் ஒன்றில் பிள்ளைகள் காட்டுவழியே நடந்து, பாறையில் ஏறி, ரெலிபோனுக்குச் சிக்னல் பிடித்துப் படித்தார்கள். நிறுத்தத்தால் நொந்தவர்களும் அவர்களே. இந்த இரண்டையும் சேர்த்து யோசிக்க அகம்பெனின் இரண்டு பக்கத்தில் இடமில்லை.

என்னைப் பற்றியும் சொல்லவேண்டும். 2020 ஏப்ரலில் ஜேர்மனியில் பல்கலைக்கழகங்கள் திரையில் தொடங்கின. பாண் தொழிற்சாலைக்கு அப்படியொரு வசதி இல்லை. பொதிசெய்யும் பட்டியில் நாங்கள் முகக்கவசத்தோடு நின்றோம். அமைப்புக்கு இன்றியமையாதவர்கள் என்று எங்களுக்கு ஒரு பட்டமும் கிடைத்தது, சம்பளம் அதேதான். ஜூனில் குற்றர்ஸ்லோவில் இறைச்சித் தொழிற்சாலையொன்றில் ஆயிரத்தைந்நூறுக்கு மேற்பட்ட தொழிலாளருக்குத் தொற்றியதும் அந்த மாவட்டத்துப் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். தொழிற்சாலைக்கும் வகுப்பறைக்கும் ஒரே காற்று என்பதை அன்றைக்குத்தான் பலர் கண்டுபிடித்தார்கள்.

இரவு வேலை முடித்து வந்தால் குசினி மேசையில் மகளுக்குச் சமூகவியல் வகுப்பு நடக்கும். கமராவில் படாமல் அடுப்படி மூலையில் தேநீரோடு குந்தியிருந்து கேட்பேன். பல வருடங்களுக்குப் பிறகு நான் கேட்ட பல்கலைக்கழக விரிவுரை அது. திரையில் இருபது கறுப்புச் சதுரங்கள். பேராசிரியை ஒரு கேள்வி கேட்பார், ஒருவரும் பேசமாட்டார்கள். அந்த மௌனத்துக்குள் நின்று பழகியவன் நான். அவர் தண்ணீர் குடிக்கிற சத்தம்கூட எனக்கு விளங்கியது. ஒருநாள் என்னையறியாமல் முன்னுக்குச் சாய்ந்து பதில் சொல்ல வாயெடுத்துவிட்டேன். "அப்பா, கமராவுக்குள்ள வாறியள்" என்றாள் மகள்.

மகள் இழந்தவை எத்தனையோ. அந்த இரண்டு அரையாண்டில் அவளுக்கு ஒரு சிநேகிதிகூடக் கிடைக்கவில்லை. அகம்பென் இதைக் கண்டது சரி. ஆனால் அவர் புலம்புகிற பழைய கூட்டங்களில் என் மகளுக்கும் இடமில்லை, பாண் பொதிசெய்கிறவனுக்கும் இடமில்லை. பொலோஞ்ஞாவின் மத்தியகால மாணவர் கூட்டங்கள் ஆண்களுடையவை.

கடைசியாக அந்த 'சேர மறுங்கள்' என்ற அறைகூவல். படிக்கவென்று எங்கள் நாட்டிலிருந்து இங்கே வருகிற பிள்ளையின் வதிவிட அனுமதி, பல்கலைக்கழகப் பதிவோடு கட்டப்பட்டிருக்கிறது. பதிவை விட்டால் விசாவும் போகும். மறுக்கும் சுதந்திரம் யாருக்கு உண்டு என்று அகம்பென் கேட்கவில்லை. வாசிப்பு வட்டத்தில் நாங்களும் கேட்கவில்லை. எட்டுப் பேரும் ஒருகாலத்தில் அந்நியர் பொலிஸ் வாசலில் வரிசையில் நின்றவர்கள். நண்பர் அடுத்த இதழில் இதற்கு மறுத்து எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார்.